பழைய கிற்றாருக்கு ஏன் புதியதை விட விலை அதிகம்?

மூன்று மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பழைய போர்வையொன்றினால் சுற்றப்பட்ட ஒரு பொருளை முச்சக்கர வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். என் மனைவி பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் கணித ஆசிரியை. போர்வையை விலக்கியபோது வெளிப்பட்டது 1960களில் ஜப்பானில் தயாரிக்கப்பட்ட ஒரு மின்கிற்றார். தலைப்பகுதியில் இருந்த பெயர்த் தகடு எப்போதோ கழன்று விழுந்து, இரண்டு ஆணித் துளைகள் மட்டும் எஞ்சியிருந்தன. ஒரு காலத்தில் ஹோட்டல் இசைக்குழுவொன்றில் வாசித்த நீர்கொழும்புப் பக்கத்து முதியவர் ஒருவரிடம் வாங்கியது.

"என்ன விலை?" என்று கேட்டார்.

"நாற்பதாயிரம்" என்றேன்.

உண்மையில் நான் கொடுத்தது 95,000 ரூபா. மழைக்காலம் தொடங்குமுன் கூரையைத் திருத்துவதற்கென நாங்கள் இருவரும் ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்தது. அந்த நாற்பதாயிரமே அவருக்குப் பெரிதாகப் பட்டது.

"உந்தக் காசோடை இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கலாமெல்லே. பழசுக்கு ஏன் உவ்வளவு குடுத்தனீங்கள்?"

நான் மூன்று காரணங்களைச் சொன்னேன். இப்போது இப்படிச் செய்வதில்லை என்பது ஒன்று. பழையதில்தான் அந்த ஒலி இருக்கிறது என்பது இரண்டு. வைத்திருந்தால் விலை ஏறும் என்பது மூன்று. அவர் சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு, "இதிலை எது உண்மை எண்டு நீங்கள் விசாரிச்சுப் பார்த்தனீங்களோ?" என்று கேட்டார். முப்பது வருடங்களாகப் பிறரை விசாரித்துச் செய்தி எழுதியவனிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. அன்று தொடங்கிய தேடலின் விளைவே இக்கட்டுரை.

ஒலியின் வறுமை

மின்கிற்றார் பிறந்தது ஒரு குறையிலிருந்து. 1920களின் அமெரிக்க நடன அரங்குகளில் எக்காளங்களும் முரசுகளும் முழங்கும்போது கிற்றார்காரர் வாசிப்பது அடுத்த நாற்காலியில் இருப்பவருக்கும் கேட்பதில்லை. ஹவாய்ப் பாணியில் மடியில் கிடத்தி வாசிக்கும் கிற்றார் அக்காலத்தில் பெரும் மோகமாக இருந்தது. அப்பாணியில் வாசித்த ஜோர்ஜ் போஷாம் என்பவர், அடொல்ப் றிக்கன்பக்கரோடு இணைந்து இக்குறைக்குத் தீர்வு தேடினார். 1932இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த அலுமினியக் கருவி, வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்தமையால் 'பொரிக்கும் தாச்சி' என்ற பட்டப்பெயரைப் பெற்றது. அதற்கான காப்புரிமை 1937இல் வழங்கப்பட்டது.

இதன் தத்துவம் பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ளதுதான். காந்தமொன்றைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று. அதன் மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் குலைகிறது; சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது; அதனை ஒலிபெருக்கி பெரிதாக்குகிறது. கிற்றார்காரர்கள் 'பிக்கப்' என்று அழைக்கும் இந்தச் சிறு சுருளே மின்கிற்றாரின் உயிர்நிலை. 1936இல் கிப்சன் நிறுவனம் இதே முறையை வழமையான கிற்றாரில் பொருத்தி ஈஎஸ்-150 என்ற பெயரில் வெளியிட்டது. சார்ளி கிறிஸ்ரியன் என்ற இளம் கறுப்பினக் கலைஞர் அதனைக் கையிலெடுத்து, ஜாஸ் இசைக்குழுவில் கிற்றாரையும் எக்காளத்துக்கு ஈடான தனிக்குரலாக ஒலிக்கச் செய்தார்.

வாசிக்கத் தெரியாதவர் செய்த கிற்றார்

கலிபோர்னியாவின் புளேர்ட்டன் நகரில் 1938ஆம் ஆண்டு வானொலிப் பெட்டி திருத்தும் கடையொன்றைத் திறந்தவர் லியோ பெண்டர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர் அவர். அவரது மனைவி எஸ்தர் தொலைபேசி நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர். கணவனின் தொழில் தள்ளாடிய காலங்களில் அந்த நிரந்தரச் சம்பளமே வீட்டைத் தாங்கி நின்றது. ஆக, உலகப் புகழ்பெற்ற ஒரு கிற்றாரின் பின்னணியிலும் மாத முடிவில் கணக்குப் பார்த்த ஒரு மனைவி இருந்திருக்கிறார்.

லியோவின் பார்வை ஒரு திருத்துநரின் பார்வை. பழுதானால் இலகுவாகக் கழற்றிப் பூட்டக்கூடியதாக ஒரு கருவி இருக்கவேண்டும் என்பதே அவருக்கு முக்கியமாகப்பட்டது. ஆகவே வெற்றுக் குடமில்லாத ஒரு மரப்பலகையை உடலாக்கி, அதில் கழுத்தைப் பசையிட்டு ஒட்டாமல் திருகாணிகளால் இணைத்தார். 1950இல் வந்த அந்தக் கருவிக்கு முதலில் புரோட்காஸ்டர் என்று பெயரிட்டார். கிரெட்ச் நிறுவனம் அதே ஒலிப்பில் முரசு விற்பதாக ஆட்சேபித்ததும் அப்பெயரைக் கைவிட்டார். புதிய பெயர் அமையும் வரை, அச்சிட்டு வைத்திருந்த பெயரொட்டிகளில் நிறுவனப் பெயரை மட்டும் விட்டு மிகுதியை வெட்டி ஒட்டினார்கள். 1951இல் டெலிகாஸ்டர் என்ற பெயர் நிலைத்தது. இடையில் சில மாதங்கள் பெயரில்லாமல் வெளிவந்த கிற்றார்களுக்கு இன்று சேகரிப்பாளரிடையே தனி மதிப்பு. சிக்கனத்துக்காகக் கத்தரிக்கோலால் வெட்டிய ஒரு செயல் பிற்காலத்தில் விலையை ஏற்றியிருக்கிறது.

1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. அதிர்வுப் பிடியுடன் அதன் அன்றைய விலை 249.50 டொலர். அதன் ஒவ்வொரு பிக்கப்பிலும் தலைமயிர் அளவு மெல்லிய கம்பி ஏறத்தாழ 8,000 சுற்றுச் சுற்றப்பட்டிருந்தது. கம்பியைக் கையால் வழிநடத்திச் சுற்றியவர்களில் பெரும்பாலானோர் பெண் தொழிலாளர். 1956இல் அத்தொழிற்சாலையில் சேர்ந்து 2013இல் ஓய்வுபெற்ற அபிகெயில் இபாரா என்ற பெண்மணியின் கைபட்ட பிக்கப்களுக்கு இன்று தனி விலை உண்டு. வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு அது கூலிவேலை மட்டுமே.

விலைபோகாத கிற்றார்

பெண்டரின் வெற்றியைக் கண்ட கிப்சன் நிறுவனம் 1952இல் பிரபல கலைஞர் லெஸ் போலின் பெயரில் ஒரு திண்ம உடற் கிற்றாரை வெளியிட்டது. 1957இல், அந்நிறுவனப் பொறியியலாளர் சேத் லவர் வடிவமைத்த இரட்டைச் சுருள் பிக்கப் அதில் இடம்பெற்றது. இரண்டு சுருள்களும் எதிரெதிராக இணைக்கப்பட்டமையால் மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும். 1958இல் பொன்னிற மேற்பூச்சு நீக்கப்பட்டு, மேப்பிள் மரத்தின் வரிகள் தெரியும் வண்ணம் சூரிய அஸ்தமன நிறம் பூசப்பட்டது.

இன்று கிற்றார் உலகில் இதற்கு நிகரான மதிப்புடைய தொழிற்சாலைப் படைப்புகள் மிகச் சிலவே. ஆனால் அன்று அது சரியாக விலைபோகவில்லை. மிக அதிகம் தேடப்படும் 1959ஆம் ஆண்டில் தொழிற்சாலையிலிருந்து வெளியேறியவை 643 மட்டுமே. 1958 தொடக்கம் 1960 வரை மொத்தம் ஏறத்தாழ 1,700. பாரமான கருவி, பழைய பாணி என்று வாங்குவோர் ஒதுக்கியதனால் நிறுவனம் அந்த வடிவத்தையே கைவிட்டு, 1961இல் இரண்டு கொம்புகள் கொண்ட மெல்லிய வடிவத்துக்கு மாறியது.

பின்னர் நடந்தது இங்கிலாந்தில். 1964இல் றோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் றிச்சர்ட்ஸின் கையில் அக்கிற்றார் தென்பட்டது. 1966இல் ஜோன் மயோலின் புளூஸ்பிறேக்கர்ஸ் குழுவின் இசைத்தட்டில் எரிக் கிளப்டன் அதனை ஒலிபெருக்கியின் முழு வலுவையும் திறந்துவிட்டு வாசித்தார். அதனை உருவாக்கியவர்கள் சுத்தமான ஒலிக்காகத் திட்டமிட்டிருந்தார்கள். இளைஞர்கள் மயங்கியதோ அது உடைந்து கரகரத்த ஒலியில். எல்லோரும் அதனைத் தேடத் தொடங்கியபோது கடைகளில் அது இல்லை. 1968இல் நிறுவனம் மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் 'அந்தப் பழையது' என்ற சொல் அதற்குள் பிறந்துவிட்டது.

இதே காலத்தில் மற்றொன்றும் நடந்தது. 1965 ஜனவரியில் சீ.பி.எஸ் என்ற மாபெரும் ஒலிபரப்பு நிறுவனம் பெண்டர் நிறுவனத்தை 13 மில்லியன் டொலருக்கு வாங்கியது. உற்பத்தி பெருகியது, தரம் குறைந்துவிட்டதென்று வாசிப்போர் முறையிட்டனர். 'சீ.பி.எஸ்ஸுக்கு முந்தியது' என்பது தரச் சான்றிதழ் போல வழங்கலாயிற்று. 1985இல் ஊழியர்களும் முதலீட்டாளரும் சேர்ந்து நிறுவனத்தை மீட்டெடுக்கும் வரை இந்த மனக்குறை நீடித்தது. 1970இல் நாஷ்வில் நகரில் ஜோர்ஜ் குருன் திறந்த கடை போன்றவை, பழைய கிற்றார்களை இரண்டாங்கைப் பொருளாக அன்றிப் பழம்பொருளாக விற்கத் தொடங்கின.

ஆகவே என் மனைவியின் கேள்விக்கு வரலாறு தரும் முதற்பதில் இதுதான்: பழையது விலை கூடியது, ஒரு தலைமுறை அதனை வேண்டாமென்றதனாலும் அடுத்த தலைமுறை அதனையே வேண்டுமென்றதனாலும்.

நான் சொன்ன மூன்று காரணங்கள்

இனி என் வாதங்களுக்கு வருவோம்.

'இப்போது இப்படிச் செய்வதில்லை' என்ற வாதம் 1970களில் ஓரளவு உண்மை. இன்று அப்படியல்ல. பழைய வரைபடங்கள், பழைய கம்பி, பழைய பூச்சு என எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கும் ஒருபடி மேலே சென்று, 1995 தொடக்கம் பெண்டர் நிறுவனம் புதிய கிற்றார்களைச் சுரண்டியும் தேய்த்தும் துருப்பிடிக்க வைத்தும் பழையது போலாக்கிக் கூடுதல் விலைக்கு விற்று வருகின்றது. இதனை மனைவியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "எங்கடை வீட்டு அலுமாரியளை அங்கை அனுப்பலாம் போலை கிடக்கு" என்றார்.

'பழையதில்தான் அந்த ஒலி' என்பது இரண்டாவது. இதற்கு வயலின் உலகத்திலிருந்து ஒரு சான்று உண்டு. 2010இல் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களின் கண்களை மறைக்கும் கண்ணாடி அணிவித்து, ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட பழைய வயலின்களையும் புதியவற்றையும் வாசிக்கக் கொடுத்தனர். 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, பெரும்பாலோரால் பழையது எது புதியது எது என்று பிரித்தறிய முடியவில்லை. பலர் விரும்பித் தெரிந்தது புதியதை. முந்நூறு ஆண்டு வயலினின் கதை அதுவென்றால், அறுபது ஆண்டு மின்கிற்றாருக்காக நான் சத்தியம் செய்ய முடியாது. கையால் சுற்றிய சுருள்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை என்பது உண்மை. அதன் பொருள், சில பழைய கிற்றார்கள் அற்புதமானவை, சில மோசமானவை என்பதே. மோசமானவை குப்பைக்குப் போய்விட, தப்பியவற்றைக் கொண்டு நாம் அக்காலத்தை அளக்கிறோம்.

'விலை ஏறும்' என்பது மூன்றாவது. இங்கேதான் கணவன்மார் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 1970இல் எரிக் கிளப்டன் நாஷ்வில் கடையொன்றில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைச் சில நூறு டொலர் வீதம் வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிகுதி மூன்றின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். 'பிளக்கி' எனப்பட்ட அந்தக் கிற்றார் 2004இல் ஏலத்தில் 959,500 டொலருக்குப் போனது. டேவிட் கில்மர் 1970இல் நியூயோர்க்கில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019இல் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. ஆனால் அந்த விலைகள் மரத்துக்குக் கொடுக்கப்பட்டவை அல்ல. அதனை வாசித்த விரல்களுக்குக் கொடுக்கப்பட்டவை. சாதாரணப் பழைய கிற்றார்களின் சந்தையோ 2008இன் உலக நிதி நெருக்கடியை அடுத்துக் கணிசமாக வீழ்ந்தது. உச்ச விலையில் வாங்கி, 'முதலீடு' என்று மனைவிமாரைச் சமாதானப்படுத்தியவர்கள் வருடக்கணக்கில் மௌனம் காக்க நேர்ந்தது. சேகரிப்பாளரிடையே ஒரு பகிடி வழங்குகிறது: தான் இறந்தபின், தான் சொன்ன விலைக்கே மனைவி கிற்றார்களை விற்றுவிடுவாளோ என்பதே ஒருவனின் ஆகப்பெரிய பயமாம். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோர்க் நகரத்துத் தாய்

மூன்று வாதங்களும் சரிந்த பின்னர் நான் ஓர் அயர்லாந்துச் சிறுவனின் கதையில் வந்து நின்றேன். றோரி கலஹர் என்ற அச்சிறுவனுக்கு 1963இல் வயது 15. கோர்க் நகரின் குறௌலி இசைக்கருவிக் கடையில் 1961இல் தயாரான ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று இரண்டாங்கையாக விற்பனைக்கு வந்தது. இசைக்குழுவொன்றில் வாசித்த ஒருவர் சிவப்பு நிறத்தில் கேட்டிருக்க, சூரிய அஸ்தமன நிறத்தில் வந்து சேர்ந்த கிற்றார் அது. சிவப்பு வந்ததும் இதனை விற்றுவிட்டார். விலை 100 பவுண். தொழிலாளர் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. றோரி அதனைக் கடனுக்கு வாங்கினார்.

தாயிடம் அவர் முன்வைத்த வாதத்தைப் பின்னாளில் தம்பி டோனல் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தக் கிற்றாரில் தாளப் பின்னணியையும் தனி வாசிப்பையும் தானே செய்யலாம். இன்னொரு கிற்றார்காரர் தேவையில்லை. ஆகவே கூடுதலாக உழைத்துக் கடனை அடைத்துவிடலாம் என்பதே அது. பழைமை, ஒலி, முதலீடு என்று அச்சிறுவன் எதுவும் பேசவில்லை. 'இதனை வைத்து வேலை செய்வேன்' என்றான். அப்படியே செய்தான். இடையில் டப்ளினில் அது திருட்டுப்போய், சில நாட்களின் பின் ஈரமான பள்ளமொன்றிலிருந்து மீட்கப்பட்டது. வியர்வையிலும் உழைப்பிலும் பூச்சு உரிந்து வெறும் மரமாயிற்று. 1995இல் தனது 47ஆவது வயதில் இறக்கும்வரை அவர் அதனை விற்கவில்லை. 2024 ஒக்டோபரில் லண்டன் ஏலத்தில் அது 889,400 பவுணுக்கு விலைபோய், அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கென வழங்கப்பட்டது. இன்று தொழிற்சாலைகள் செயற்கையாகத் தேய்த்து விற்கும் கிற்றார்கள் போலியாகக் காட்டுவது இத்தகைய தேய்வைத்தான்.

எங்கள் பக்கம்

இலங்கையில் 'பழையது' என்ற சொல்லுக்கு வேறு வரலாறு உண்டு. 1960களின் நடுப்பகுதியில் கிளரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவின் வழியாகச் சிங்கள மெல்லிசைக்கு மின்கிற்றாரைக் கொண்டுவந்தார். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் பொப்பிசைக்கு ஓர் இடத்தைப் பெற்றுத்தந்தார்கள். ஆனால் 1970 தொடக்கம் 1977 வரையான ஆண்டுகளில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஏற்கெனவே நாட்டுக்குள் வந்திருந்த கருவிகள் கைமாறிக் கைமாறி, திருத்தித் திருத்தி வாசிக்கப்பட்டன. மேற்கு நாட்டவருக்குப் பழையது ஒரு தெரிவு. நமக்கு அது இருந்த ஒன்றே ஒன்று.

யாழ்ப்பாணத்தில் சிறுவனாக இருந்தபோது, கோயில் திருவிழா மேடையொன்றில் நான் முதன்முதலாக மின்கிற்றாரின் ஒலியைக் கேட்டேன். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரியும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. என் மனைவி ஜாம் போத்தல் விளக்கில் கணிதம் படித்ததும் அக்காலத்தில்தான். மின்சாரம் இல்லாத ஊரில் மின்கிற்றார் வெறும் பலகை. அப்படி எத்தனை கிற்றார்கள் பரண்களில் கிடந்து, இடப்பெயர்வுகளில் கைவிடப்பட்டு அழிந்தன என்பதற்குக் கணக்கில்லை.

நீர்கொழும்பு முதியவரின் வீட்டில் அந்தப் பெயரில்லாத கிற்றாரை ஒலிபெருக்கியில் பொருத்தி ஒரு தந்தியைத் தட்டியபோது எனக்குக் கேட்டது அந்தத் திருவிழா மேடை. நான் பணம் கொடுத்தது அதற்குத்தான். மனைவியிடம் சொன்ன மூன்று காரணங்களும் பின்னர் தேடிப் பிடித்தவை. உண்மைக் காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, சந்தையின் பாஷையில் பேசினேன். அந்தப் பாஷையில் பேசத் தொடங்கியதும் பொய்யான விலையும் தானாகவே வாயில் வந்தது.

இக்கட்டுரையின் முதற்படியை அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். 95,000 என்ற இலக்கம் வரும் இடத்தில் அவர் நிறுத்தினார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் வீட்டுக் கணக்குக் கொப்பியை எடுத்து, நான் சொன்ன நாற்பதாயிரத்தை வெட்டிவிட்டுச் சரியான தொகையை எழுதினார்.

"விலை கூட எண்டதில்லை எனக்குப் பிரச்சினை. கூரைக் காசு எங்கடை ரண்டு பேரின்ரை. கேட்டிருந்தால் ஓமெண்டிருப்பனோ இல்லையோ தெரியாது. நீங்கள் கேக்கேல்லை."

அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. கோர்க் நகரத்துச் சிறுவனின் வழியைக் கடன்வாங்கினேன். அடுத்த பத்து மாதங்களுக்கு, பத்திரிகைகளுக்கு எழுதிக் கிடைக்கும் பணத்திலிருந்து மாதம் 9,500 ரூபா வீதம் கூரைக் கணக்கில் சேரவேண்டும் என்று முடிவாயிற்று. முதலிரண்டு தவணைகளும் கட்டியாயிற்று. முன் விறாந்தையில் ஒழுகும் இடத்தில் இப்போதைக்கு ஒரு வாளி வைத்திருக்கிறோம். கிற்றார் ஒழுகாத அறையில் இருக்கிறது. மாலையில் அரை மணித்தியாலம் வாசிக்கப் பழகுகிறேன். இன்னும் ஒரு பாட்டும் முழுமையாக வரவில்லை.